எங்கிருந்து வந்தது பால்வண்டி?

"அந்தப் பால்வண்டி எங்கேயிருந்துய்யா வந்துச்சு?"

மேடையில் மைக்கைப் பிடித்துக் கத்தினார் கருப்பணன். திண்டுக்கல் வாசகர் வட்டத்துக்காரர்கள் முப்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் மரியசெல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய முதல் நாவலுக்குத்தான் இந்த விமர்சனக் கூட்டம்.

"படிக்காதவங்களுக்காகச் சொல்றேன். எதிர்காலத்துல ஒரு நாடு. ஊருக்கு ஊரு மதில். பச்சைச் சீட்டு இல்லாம யாரும் தாண்ட முடியாது. ஒரு பொண்ணு, மூச்சுத் திணறுற அம்மாவைத் தோள்ல தூக்கிக்கிட்டு வாரா. மதிலுக்கு அந்தப் பக்கம் வைத்தியர். சீட்டு இல்லேன்னு காவல்காரன் கதவைச் சாத்திடுறான். அப்புறம் என்ன ஆகுது?"

கருப்பணன் மேசையை ஒரு தட்டுத் தட்டினார்.

"டாண்ணு ஒரு பால்வண்டி வருது! றெக்கை முளைச்ச மாடு பூட்டின வண்டி! ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு மதிலுக்கு மேல பறக்குது. வண்டிக்காரன் யாருன்னு பாத்தா, என்னைக்கோ அவ தண்ணி குடுத்த ஆளு. வைத்தியர் யாருன்னு பாத்தா, அவ கூடப் படிச்ச புள்ள. இம்புட்டுத் தற்செயலும் ஒரே அத்தியாயத்துலயா? மாடு பறக்குறதைக்கூட நம்பிடலாம்மா. சரியான நேரத்துக்கு வந்ததைத்தான் நம்ப முடியல!"

கூட்டம் சிரித்தது. நாவலைத் தன் அச்சகத்தில் அடித்து வெளியிட்ட ஹாமித் மட்டும் நெளிந்தான்.

"அதையாவது விடலாம். இந்தக் கதையில தர்மம்னு ஒண்ணு இருக்கா? கதவைச் சாத்தினவன் கடைசியில பேரப்புள்ளைய மடியில வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கான். ஒரு கேள்வி இல்ல. ஒரு தண்டனை இல்ல."

கருப்பணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"நான் முப்பத்திரண்டு வருஷம் கவர்மெண்ட் வேலை பாத்தவன். சாகக் கெடக்குற பொம்பளையக் கண்ணால பாத்துட்டு ஒருத்தன் சட்டம் பேசுறான்னா, அவனை நடுத்தெருவுல நிப்பாட்டிக் காறித் துப்ப வேணாமா? அவனைச் சும்மா விட்ட எழுத்தாளர் அவனைவிட மோசம்!"

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது.

கூட்டத்தை நடத்திய ஷப்னம் டீச்சர், "எழுத்தாளர் பதில் சொல்லலாம்" என்றார்.

மரியசெல்வி எழுந்தாள். கருப்பணனையே பார்த்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்று உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் ஸ்கூட்டரை எடுத்த கருப்பணன் அவளருகே நிறுத்தினார். "மனசுல வச்சுக்காதம்மா. அடுத்த பதிப்புல அவனுக்கு ஒரு தண்டனையப் போட்டுரு. நாவல் எங்கேயோ போயிரும்."

அவர் போனதும் ஹாமித் வெடித்தான்.

"ஏம்மா, அந்தக் கிழி கிழிக்கிறாரு, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? ஆறு மாசம் உன்கூட உக்காந்து புரூஃப் பாத்தவன் நான். எனக்குத்தான் அவமானமா இருந்துச்சு!"

"அவரு கேட்டதுல என்ன தப்புண்ணே? பால்வண்டி பொய்தான்."

"கதைன்னா பொய்தானம்மா."

"இல்லண்ணே. அந்தக் கதையில பால்வண்டி மட்டும்தான் பொய்."

ஹாமித் புரியாமல் பார்த்தான்.

"கொரோனா சமயம். அம்மாவுக்கு மூச்சுத் திணறல். சாணார்பட்டியில இருந்து ஆட்டோவுல போட்டு மதுரைக்குக் கொண்டு போறேன். ஜில்லா எல்லைச் செக்போஸ்ட்டுல டூட்டியில இருந்த ஒருத்தன் மறிச்சுட்டான். ஈ-பாஸ் இல்லையாம். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். கால்ல விழுந்தேன். 'போன்ல பாஸ் வந்தாத்தான் விடுவேன்'னு, மாஸ்க்கை இறக்கிவிட்டுக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா டீ குடிக்கிறான். ரெண்டு மணி நேரம்."

"அம்மா?"

"பாஸ் வந்துச்சு. அம்மா இல்ல."

ஹாமித் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"அப்பேர்ப்பட்டவனையா பேரப்புள்ளையோட கொஞ்ச விட்ட? என்ன பொம்பள நீ? எழுதுறது உன் கையில இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுண்ணே. ஏழு தடவை எழுதினேன். அவனைத் தூக்குல போட்டேன். கண்ணைப் பிடுங்கினேன். மதிலுக்கு வெளிய பட்டினி போட்டேன். என்ன பண்ணியும் அம்மா ஆட்டோவுலயேதான் கெடந்தாங்க. ஆத்திரம் தாங்காம அம்புட்டையும் கிழிச்சுப் போட்டுட்டு, ஒரு வண்டியை வர வச்சேன். அம்மா பொழைச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவனை என்னன்னு தண்டிக்க?"

ஹாமித்துக்குக் கண்கள் சிவந்துவிட்டன. "யாரு அவன்? பேரு, ஊரு தெரியுமா? ஆளைச் சொல்லு. இன்னைக்கே போயி நாக்கைப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

"இன்னைக்கு வரைக்கும் பேரு தெரியாதுண்ணே. இப்ப மேடையில பாத்தப்பதான் தெரிஞ்சுது."

"மேடையிலயா?"

"நீங்க அம்புட்டுப் பேரும் கைதட்டுனீங்களே, அந்த ஆளுதான்."