மேயர் வைக்கிற பேர்

"இன்னிக்கும் உங்க மேயரு வரலைன்னு வெச்சுக்கோ, நானே ஒரு பேர வெச்சுட்டுப் போய்க்கினே இருப்பேன். சொல்லிட்டேன்!"

கார்குழலி சொன்னது முன்வரிசை வரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். அவள் தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு, இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன.

கல்மண்டபத்தில் அன்று மேயருக்குப் பாராட்டு விழா. இத்தனை காலம் ஒரே மனிதர் மேயராக இருப்பது லேசுப்பட்ட காரியமா என்று மேடையில் ஆளாளுக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாராட்டு வாங்க வேண்டியவரைத்தான் காணோம்.

"மெதுவா பேசு குழலி, கட்சிக்காரங்க பாக்குறாங்க," என்றான் அவள் புருஷன் பகலவன். விழாவுக்கென்று புதுக் கரைவேட்டி கட்டியிருந்தான். "எண்ணூர்லேர்ந்து கெளம்பிட்டாராம். வழியெல்லாம் கன்டெய்னர் லாரி லைன் கட்டி நிக்குதாம். இன்னா பண்ணுவாரு, பறந்தா வருவாரு?"

"மொதல்ல வெள்ளம்னு சொன்னே. சரி, ஊருக்கே பேஜாரு, நானும் வாயத் தொறக்கல. அப்பால எலெக்சன், இப்ப பேர் வெச்சா கேஸாவும்னே. அப்பால அவருக்கு முட்டி ஆபரேசன்னே. இப்ப லாரியா? ஒரு புள்ளைக்குப் பேர் வெக்க இவ்ளோ அலப்பறை ஆவாதுய்யா!"

"வெள்ளத்தப்ப வியாசர்பாடி சுரங்கப் பாலத்துல இடுப்பளவு தண்ணில நின்ன மனுசன் அவரு. அத வுட்டுட்டு நம்ம வூட்டுக்கு வந்து பேர் வெக்கச் சொல்றியா?"

"நின்னாரு, யாரு இல்லேன்னா? அதுக்கப்புறம் தண்ணி வடிஞ்சுச்சா இல்லியா?"

பகலவன் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தான். மேயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவனுக்குக் குரலே மாறிவிடும்.

"எனக்குப் பேர் வெச்சதே அவருதான். அப்ப சாதா கவுன்சிலரு. நம்ம கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் குடுத்தப்ப துணை மேயரு. இப்ப மேயரு. நம்ம வூட்டு விசேசம் ஒவ்வொண்ணும் அவரு கையாலதான் நடந்துகினு கீது. எம் பொண்ணு மட்டும் தப்பலாமா?"

"தாலியா? காலைல முகூர்த்தம்னு உக்கார வெச்சு, வெளக்கேத்துற நேரத்துல வந்து எடுத்துக் குடுத்தாரு உங்க ஆளு. பிரியாணி ஊசிப்போயி, எங்க சனம் பாதி சாப்புடாம எழுந்து போச்சு. அதையும் சொல்லு!"

பகலவன் புது வேட்டியின் கரையை நீவிவிட்டுக்கொண்டான். அவள் விடவில்லை.

"உனக்குப் பேர் வெக்க உங்க நைனா காத்துக்கினு இருந்த கதையும் எனக்குத் தெரியும். ஏரியாவுல இன்னும் உன்ன குட்டின்னுதான கூப்புடறாங்க? ஏனாம்?"

நல்லவேளை, மைக்செட் அம்புரோஸ் வந்து அவனைக் காப்பாற்றினார். "குட்டி! ஐயா தண்டையார்பேட்டை தாண்டிட்டாராம்! வந்ததும் மொத ஐட்டமே உம் பொண்ணுக்குப் பேர் வெக்கிறதுதான். ரெடியா இரு!"

கார்குழலிக்கு எரிச்சல் போய் அழுகை வந்தது. பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கொஞ்ச முடியாத கொடுமை வேறு எந்தத் தாய்க்கு நடக்கும்? தடுப்பூசி அட்டையில் பாப்பா. ரேஷன் கடையில் பாப்பா. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே கிடக்கிறது.

"நாளைக்குக் காலைல ரிஜிஸ்தர்ல பேர் எய்தணும்யா. பேரில்லாம இங்க வந்துடாதீங்கன்னு அந்தம்மா எம் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. மானமே போச்சு."

"அதான் இன்னிக்கு வெச்சுருவாரே. நீயா ஒண்ண வெச்சின்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு கட்சி ஆபீசுக்குப் போவேன்?"

"நான் ஆசையா ஒரு பேர் நெனச்சு வெச்சிருக்கேன். இன்னா பேருன்னு ஒருநாளாவது கேட்டியா நீ?"

"மேயர் வெக்கிறதுதான் பேரு."

கார்குழலி பாப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வெளியே பட்டாசு வெடித்தது. மேயர் வந்தேவிட்டார். மாலைகளும் பொன்னாடைகளும் செல்ஃபிகளும் முடிய இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு முழங்காலைப் பிடித்தபடி மேடை நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை வாங்கினார்.

"நம்ம பகலவன் வீட்டுக் குழந்தை. அந்தப் பகலவனுக்கே பேர் வெச்சவன் நான்!"

கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. ஆயிரம் குழந்தைகளைத் தூக்கிய பக்குவத்தோடு, மேயர் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மெத்தையாக விரித்தார்.

"கொண்டாம்மா, குழந்தையைக் கொடு. பார்த்து, பார்த்து... கழுத்து நின்னுடுச்சா?"

பகலவன் தலையைக் குனிந்துகொண்டான். கார்குழலி பாப்பாவைத் தட்டி எழுப்பித் தரையில் இறக்கிவிட்டாள்.

பாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு தானாகவே மேடைப் படிகளில் ஏறிப் போய், மேயரின் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவினாள். "நாளைக்கு ஒண்ணாங்கிளாஸ் சேரப் போறேன் தாத்தா. எம் பேர நானே எய்துவேன், அம்மா சொல்லிக் குடுத்துகீது," என்றபடி, விரித்திருந்த அவர் உள்ளங்கையிலேயே முதல் எழுத்தைப் போட ஆரம்பித்தாள்.