கழற்றிய தொப்பி

வாசலில் ராணுவ வண்டி வந்து நின்றதும் மாவு பிசைந்துகொண்டிருந்த ஹெப்சிபாவின் கை நின்றுவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862-ன் வாஷிங்டனில், அந்தத் தெருவில் மட்டும் ஒரே மாதத்தில் மூன்று வீடுகளில் அப்படி வண்டி வந்து நின்று, அதிகாரி தொப்பியைக் கழற்றியபின் அழுகை கேட்டிருந்தது.

கதவைத் திறந்தாள். இளம் கேப்டன் ஒருவன் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான்.

"யாரு? என் பெரிய மகனா, சின்னவனா?"

"அம்மா, நான்..."

"இழுக்காதீங்க தம்பி. சட்டுனு சொல்லிடுங்க."

"ஐயோ, ரெண்டு பேருமே நல்லா இருக்காங்கம்மா! ஜனாதிபதி உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னார்."

"என்னையா? அவருக்கு என்கிட்ட என்ன வேலை?"

"படை ராப்பஹானக் ஆத்தைத் தாண்டணும். எங்கே இறங்கலாம்னு ஜெனரல்களைக் கேட்டார். ஆளுக்கு ஒரு இடம் சொல்றாங்க. வாஷிங்டனுக்குக் குடிவர்றதுக்கு முன்னாடி முப்பது வருஷம் அந்த ஆத்துல இறங்கிப் போய் வெண்ணெய் வித்தவங்க எங்கம்மான்னு உங்க சின்னவன் முகாம்ல சொல்லியிருக்கான். நேத்துதான் தந்தி வந்துச்சு."

ஹெப்சிபா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சால்வையை எடுத்தாள்.

"வாங்க, எங்கே முழங்கால் தண்ணின்னு அவருக்குச் சொல்றேன். ஆனா தம்பி, பிள்ளையைப் போருக்கு அனுப்பின வீட்டு வாசல்ல இனிமே மரியாதைக்குக்கூட அந்தத் தொப்பியைக் கழட்டாதீங்க."