பூசணிப்பூ படத்தின் வால்

சின்னக் கணினி நிரல் ஒன்று பூசணிப்பூ படம் வரைந்தது. அவசரத்தில் படக்கோப்பின் பெயருக்குப் பின்னால், கடிதக் கோப்புகளுக்குப் போடும் '.doc' என்ற வாலை ஒட்டி, "இதைத் திறந்து காட்டுங்கண்ணே" என்று கணினியிடம் கொடுத்துவிட்டுப் போனது.

படத்துக்குத் திரையில் மஞ்சளாய் விரிய ஆசை. கணினியோ வாலை மட்டும் பார்த்து, வழக்கம்போல் கடிதம் திறக்கும் செயலியிடம் அனுப்பிவைத்தது.

செயலி முகம் சுளித்தது. "என்னய்யா இது, ஒரே கிறுக்கலா இருக்கு?"

"நான் கடிதம் இல்லீங்க, படம்."

"வால் அப்படிச் சொல்லலையே!"

படம் ரோஷத்தோடு கணினியிடம் திரும்பிவந்து, அதன் கண்ணெதிரே வாலைப் பிய்த்து எறிந்தது. "இப்பவாவது எனக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்கண்ணே."

கணினி அப்போதும் உள்ளே பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டது: "அதெல்லாம் சரி தம்பி, நீங்க என்ன ஆளுங்க?"