கடைசி ஐம்பது மீட்டர்

சூலூர்ப் பக்கம் மூடிப்போன மில்லின் ரோட்டில் எனக்கும் நாச்சிமுத்துவுக்கும் வருஷா வருஷம் கால் மைல் கார் பந்தயம். தோற்றவன் வென்றவனின் காரைக் கழுவ வேண்டும். முதல் வருஷம் தோற்றுவிட்டு இரண்டு மாதம் அவனோடு பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமும் அவன்தான் கழுவினான், என்னைத் திட்டிக்கொண்டே.

அவன் இறந்துபோய்விட்டான். இந்த வருஷம் பந்தயத்தை அவன் மகள் தேன்மொழி ஏற்பாடு செய்தாள். அவனுடையது தானாக ஓடும் கார்; உரிமையாளர் ஓட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, அவர் இல்லாவிட்டாலும் அவர் ஓட்டுவது போலவே ஓடும். ஆளில்லாத அவன் காருக்குப் பக்கத்தில் என் காரை நிறுத்தினேன். அவள் கைக்குட்டையை வீசினாள்.

கிளம்பும்போதே அவனுடைய அதே வெறி. கடைசி ஐம்பது மீட்டர் வரை முன்னால் போன கார், மெல்லத் தணிந்து எனக்கு வழிவிட்டது.

"ரிப்பேரா கண்ணு?"

"இல்லீங்க மாமா. தனியா ஓடவிட்டுப் பாத்தேனுங்க, எங்கயும் வேகம் குறையல. உங்க கார் பக்கத்துல வந்தாத்தான் இப்படிப் பண்ணுது."

வழக்கப்படி என் காரைக் கழுவ அவள் வாளியை எடுத்தாள். அதைப் பிடுங்கிக்கொண்டு போய் அவன் காரைக் கழுவினேன், அவனைத் திட்டிக்கொண்டே.