மஞ்சள் தடவிய அட்டை

பார்த்துவைத்த மாப்பிள்ளையை உதறிவிட்டுக் கனடாவில் தன் விருப்பப்படி மணந்துகொண்ட மகள் பூங்கோதையோடு சிவக்கொழுந்து ஆறு வருடமாகப் பேசவில்லை.

“அங்க இப்ப எலையெல்லாம் செவந்து கொட்டுற காலமாம். படம் போட்டிருக்கா,” என்று மனைவி மரகதம் கைபேசியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஆனால் மறுநாள் தெருமுனைப் பாதாம் மரத்தடியில் சிவந்த சிறு இலைகளாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

“ஒரு வாழ்த்து அட்டை பண்ணலாம்னு. என்ன எழுதுறதுன்னுதான் தெரியல.”

வீட்டில் கெட்டி அட்டை என்று இருந்தது நின்றுபோன அந்தக் கல்யாணத்தின் பத்திரிகைதான். மூலைகளில் மஞ்சள்கூட வெளுக்கவில்லை. பருக்கையை நசுக்கிப் பசையாக்கி இலைகளை ஒட்டினார். முதலில் மாப்பிள்ளையின் பெயர் மறைந்தது. பிறகு முகூர்த்த நேரமும் மண்டபமும் மறைந்தன. மகளின் பெயரைச் சுற்றி மட்டும் விரல் தயங்கித் தயங்கி ஒதுங்கியது.

இருப்பதிலேயே சிவந்த கடைசி இலையை அடியில் வைக்கப்போனபோது மரகதம் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அது அப்படியே இருக்கட்டுங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்றிருந்தது. அதற்குக் கீழே அவர்கள் இருவரின் பெயர்.