துணைக்கு ஒரு வக்கீல்

வக்கீல் பேசப் பேச, போதகர் மேசைமேல் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே மூன்று பேர்.

பெர்சிஸ். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற கிதியோன். அவளுடைய அம்மா தங்கபுஷ்பம்.

பெர்சிஸ் என்பது அவளாக வைத்துக்கொண்ட பெயர். ஆலயப் பாடகர் குழுவில் பாடிய காலத்தில் போதகர் அவளைக் கூப்பிட்டது வேறு பெயர். ஆண்பிள்ளைப் பெயர். சற்று முன் அவள் அறைக்குள் வந்ததும் அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

புதுப் பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"உட்காருங்க" என்றார், மூவருக்கும் பொதுவாக.

அவர்கள் உட்காருவதற்குள் வக்கீல் ஆரம்பித்துவிட்டார்.

வக்கீலை வரச் சொன்னது போதகர்தான். பெர்சிஸ் கல்யாண விஷயமாக வருகிறாள் என்று சபைச் செயலாளர் சொன்ன அன்றே அவரைப் பயம் பிடித்துக்கொண்டது. மாட்டேன் என்றால் கோர்ட்டுக்குப் போவார்களோ. டிவிக்காரர்கள் மைக்கோடு ஆலய வாசலில் நிற்பார்களோ. சரி என்றால் சபை இரண்டாகுமோ. பேராயர் கூப்பிட்டுக் கேட்பாரோ.

இப்படிப்பட்ட கல்யாணத்தைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று அவருக்கு ஒரு தீர்மானம் இருந்தது. அதை மனதார நம்பினார்.

அதை அவள் முகத்தைப் பார்த்துத் தானே சொல்லியிருக்கலாம்.

வக்கீல் நன்றாகத்தான் பேசினார்.

"இந்தக் கல்யாணத்த நடத்தி வைங்கன்னு எந்தப் போதகரையும் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மத சுதந்திரம். அரசியல் சட்டமே குடுத்த பாதுகாப்பு. நீங்க ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தாராளமா பதிஞ்சிக்கிடுங்க. ஐயாவ மட்டும் இதுல இழுக்காதீங்க. கேஸ்னு போனா நிக்காது."

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைத் துடைத்தாள். கிதியோன் தரையைப் பார்த்தான்.

பெர்சிஸ் வக்கீலைப் பார்க்கவே இல்லை. போதகரைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒன்றும் புரியாதவள்போல் இருந்தாள்.

"ஐயா, உங்க மேல நான் கேஸ் போடுவேன்னா நெனச்சீங்க?"

அவருக்குக் காது மடல் சுட்டது.

"கல்யாணத்த வியாழக்கெழம ரிஜிஸ்டர் ஆபீஸ்லதான் வச்சிருக்கோம். கோயில்ல நடத்துங்கன்னு கேக்க வரல. உங்களுக்குக் கஷ்டம்னு எங்களுக்குத் தெரியாதா? அம்மாதான், ஐயா கையால ஒரு ஜெபம் வாங்கிட்டுப் போவோம்னு சொன்னா."

அவ்வளவுதான் கேட்டாள்.

பிறகு எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றாள். கிதியோனும் அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

போதகர் எழுந்தார்.

கை தானாக உயர்ந்தது. காய்ச்சல்காரர்கள் தலைமேலும், ஜாமீன் கிடைக்காமல் ஜெயிலுக்குப் போகிறவன் தலைமேலும், புதிதாக வாங்கின லாரியின் மேலும்கூட நீண்டிருக்கிற கை.

வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, ஒரு நிமிஷம். ஜெபம் பண்ணீங்கன்னா கல்யாணத்த நீங்க ஏத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். நாளைக்கு நம்ம பக்கம் பேச முடியாது."

கை அந்தரத்தில் நின்றது.

போதகர் திரும்பி வக்கீலின் முகத்தைப் பார்த்தார்.

செய்யலாமா என்று கேட்பதுபோல.

அதைத் தங்கபுஷ்பம் பார்த்துவிட்டாள்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். பீடி சுற்றிக் காய்த்துப்போன விரல்கள். ஒரு கையை மகள் தலைமேல் வைத்தாள். மறு கையைக் கிதியோன் தலைமேல்.

"ஆண்டவரே, எம்பிள்ளைகளப் பாத்துக்கிடும். உம்ம விட்டா அதுகளுக்கு யாரு இருக்கா. ஆமென்."

"ஆமென்" என்றான் கிதியோன்.

"ஆமென்" என்றாள் பெர்சிஸ்.

பழக்கத்தில் வக்கீலும் "ஆமென்" என்றார்.

போதகருக்கு மட்டும் குரல் எழும்பவில்லை. உயர்ந்த கையை எப்போது இறக்கினார் என்பதும் தெரியவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தங்கபுஷ்பம், "ஸ்தோத்திரம் ஐயா, வாறோம்" என்றாள். ஞாயிறுதோறும் சொல்லுகிற அதே குரல். அதில் ஒரு குத்தல் இருந்திருந்தால்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

வக்கீல் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"பிரச்சினை இல்லாம முடிஞ்சுது ஐயா. இனி உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது."

போதகர் வெளியே வந்தார். படி இறங்கினார். வேகமாக நடந்தார். வேட்டி காலைத் தடுக்கியது. ஆலய வளாகத்தைத் தாண்டி ஓட்டமாகவே போனார்.

கேட்டுக்கு வெளியே ஆட்டோ கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது.

என்ன சொல்வதற்காக வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கேட் கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றார்.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். போதகர் என்று தெரிந்ததும் மரியாதைக்கு வண்டியை அணைத்தார்.

"ஐயாவும் வாறீங்களா?"



பின்சீட்டில் பெர்சிஸ் சேலையை ஒதுக்கிக்கொண்டு, அம்மாவை நெருக்கி, உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.