டேப்பின் சாப்பாட்டு நேரம்

அலுவலக சர்வரின் கோப்புகளைக் காந்த நாடாவில், அதாவது டேப்பில், ஏற்றும் வேலை இழுத்துக்கொண்டே போனது. தினமும் மதியம் ஒரு மணிக்கு டேப் நின்றுவிடும். ஒன்று நாற்பதுக்குத்தான் மறுபடி சுற்றும். இன்ஜினியர் கேபிளை மாற்றினார், டேப்பைச் சுற்றும் டிரைவையே மாற்றினார். மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"போன வருஷம் தவறிப்போனாரே ஆபரேட்டர், அவர் டேப்பைத் தனியா ஓடவிட மாட்டார். நிறுத்திட்டுத்தான் சாப்பிடப் போவார்," என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

மறுநாளும் ஒரு மணிக்கு நின்றது. இன்ஜினியருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபரேட்டரின் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்கண்ணே! நான் பாத்துக்கறேன்!"

டேப் சுற்றத் தொடங்கியது. சொன்ன சொல்லுக்காகப் பசியோடு காவல் இருந்தார்.

ஒன்று நாற்பதுக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். அந்த நாற்காலிக்கு முன்னிருந்த கீபோர்டில், அப்போதுதான் கை கழுவிவிட்டு வந்த விரல்களின் ஈரம்.